செடி துவளுதா, மஞ்சளாகுதா, பூ உதிருதா? செட்டிநாட்டுப் பின்கட்டுத் தோட்டத்துக்கு ஒரு வழிமுறை

காரைக்குடியைச் சுற்றிப் பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல், கானாடுகாத்தான் என்று எந்த வீட்டுக்குப் போனாலும், காபி குடித்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள், “அப்படியே பின்னால வந்து இந்தச் செடியக் கொஞ்சம் பாத்துட்டுப் போப்பா” என்பார்கள். இத்தனை வருடம் பார்த்ததில், பத்து வீட்டுக்குப் போனால் ஏழெட்டு வீட்டில் ஒரே மாதிரி கோளாறுதான். மருந்து கடைசியில் வாங்க வேண்டியது. இங்கே பெரும்பாலும் முதலில் வாங்கிவிடுகிறார்கள். அதனால் செடியில் என்ன தெரிகிறதோ அதை வைத்தே எழுதுகிறேன். காசில்லாமல் செய்யக்கூடியது முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில்.

கையில் இவை இருக்கட்டும்: ஒரு களைக்கொத்தி, ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு வெள்ளைத் தாள், பாதி எலுமிச்சம்பழம்.

1. செடி வாடித் தொங்குகிறது

முதலில் எந்த நேரத்தில் வாடுகிறது என்று பாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

*மத்தியானம் வாடி, சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால்*

வெயில்தான். சித்திரை, வைகாசியில் பூசணியும் சுரையும் இப்படித்தான் நிற்கும். அந்த நேரத்தில் பதறி வாளியைத் தூக்க வேண்டாம். ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் முழுதாக விட்டுப் பாருங்கள். நம் செம்மண்ணில் ஒரு குணம் உண்டு. மேல்மண் ஓடு போல இறுகிவிடும், ஊற்றிய தண்ணீர் பாத்தியை விட்டு வழிந்து ஓடிவிடும். மேலே ஈரம் பளபளக்கும், இரண்டு விரற்கடை கீழே புழுதி பறக்கும். அப்படி இருந்தால் மேல் ஓட்டைக் களைக்கொத்தியால் உடைத்து, செடியைச் சுற்றி வட்டப்பாத்தி கட்டி, பாதித் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் பொறுத்து மீதியை ஊற்றுங்கள். பிறகு வைக்கோலோ காய்ந்த சருகோ நாலு விரற்கடை உயரத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டை மட்டும் ஒட்டாமல். வேனிலில் மாடித் தோட்டமாக இருந்தால் 50 சதவீத நிழல் வலை தேவைப்படும்.

*விடிகாலையிலும் தொங்கியே நின்றால்*

இதுதான் கவனிக்க வேண்டியது. கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டில் எட்டுக் கத்தரிச் செடி. “ஏந்தம்பி, மூணு வேளையும் தண்ணி ஊத்துறேன், இது ஏன் இப்புடித் தொங்கிப்போய் நிக்கிது?” என்றார்கள். “ஆச்சி, ஒரு செடியப் பிடுங்கிப் பாக்கவா?” என்று கேட்டேன். மனசில்லாமல் சரி என்றார்கள். பிடுங்கியதும் புளித்த சேற்று வாடை அடித்தது. வேரை இரண்டு விரலால் உருவினால் மேல்தோல் உறை போலக் கழன்று வந்தது, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிச்சம். தண்ணீர் போதாமல் வாடிய செடி இல்லை அது, தண்ணீரில் மூழ்கி வேர் அழுகிய செடி. இரண்டுக்கும் இலை ஒரே மாதிரிதான் தொங்கும். அதனால்தான் வாடின செடிக்கு மேலும் மேலும் தண்ணீர் ஊற்றிக் கொன்றுவிடுகிறோம்.

பார்க்க வேண்டிய வரிசை இது:

மண் சொதசொதவென்று இருந்தால், தண்ணீரை நிறுத்துங்கள். ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். நாலைந்து மணி நேரத்தில் இறங்கினால் மண் நல்லது. மறுநாளும் நின்றால் அடியில் செம்புறாங்கல் தட்டு இருக்கிறது என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த இடம் தொட்டி போல ஆகிவிடும். கடப்பாரையால் தட்டை உடைக்க முடிந்தால் உடைத்துவிடுங்கள். முடியாவிட்டால் ஒரு அடி உயர மேட்டுப்பாத்தி கட்டி அதில் வையுங்கள். பழமரக் கன்று வைக்கிற இடத்தில் இந்தச் சோதனையைச் செய்யாமல் குழி எடுக்கவே எடுக்காதீர்கள்.

மண் சரியாக இருந்தால், வாடின செடிகளில் ஒன்றை வேரோடு எடுங்கள். ஒன்றைத் தியாகம் செய்தால்தான் மற்றதைக் காப்பாற்ற முடியும். வேரில் மணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்தச் செடியை வேரோடு எரித்துவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். பாத்தியில் துலுக்கச் செவ்வந்தியை நெருக்கமாக நட்டு ஒரு பருவம் விடுங்கள். அடுத்த நடவில் குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. அக்னி நட்சத்திர வெயில் இருக்கும்போதே பாத்தியை நனைத்து, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளை இழுத்து மூடி, ஓரத்தில் மண் அணைத்து, நாலு முதல் ஆறு வாரம் விட்டால் மேல்மண்ணில் இருக்கிற புழுவும் பூஞ்சையும் கணிசமாகக் குறையும். இந்த ஊர் வெயிலுக்கு இது ஒன்று நல்ல பயன்.

வேர் சுத்தமாக இருந்தால், தண்டின் அடியில் நாலு விரற்கடைத் துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, வெட்டின முனை தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் பாக்டீரியா வாடல். இதற்கு வீட்டுத் தோட்டத்தில் குணமாக்கும் மருந்து கிடையாது, யார் விற்றாலும் வாங்காதீர்கள். செடியை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் மூன்று வருடமாவது வைக்காமல் கீரை, வெண்டை, பந்தல் காய் என்று மாற்றுங்கள். கத்தரிதான் வேண்டும் என்பவர்கள் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டின நாற்று வாங்கலாம். விலை கூடுதல்தான். ஆனால் சுண்டை வேர் இந்த வாடலையும் நூற்புழுவையும் நன்றாகத் தாங்கும்.

இளம் மாங்கன்று, கொய்யாக் கன்று திடீரென்று காய்ந்தால் தண்டின் அடியில் மண்பூச்சு இருக்கிறதா என்று சுரண்டிப் பாருங்கள். கரையான் நம் மண்ணின் நிரந்தரக் குடித்தனக்காரர். காய்ந்த வேரும் பாதி மக்கின சாணமும்தான் அதை இழுக்கும். நன்றாக மக்கின தொழு உரம் மட்டும் போடுங்கள், பாத்தியில் ஈரம் வறளாமல் பாருங்கள்.

கத்தரியில் முழுச் செடி நன்றாக இருந்து கொழுந்து மட்டும் துவண்டால் அது தண்டுத் துளைப்பான். அந்தக் கொழுந்தை ஒரு சாண் கீழே சேர்த்து ஒடித்து, பிளந்து பாருங்கள், இளஞ்சிவப்பாகப் புழு இருக்கும். வாரம் இரண்டு முறை ஒடித்து எரித்தாலே காயில் ஓட்டை பாதியாகக் குறையும். ஒடித்ததைப் பாத்தி ஓரத்திலேயே போட்டுவிட்டு வந்தால் பலன் இல்லை.

2. இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி.

*அடி இலை மட்டும் மஞ்சள், செடி வளராமல் நின்றால்*

பசி. தொழு உரம் அல்லது மண்புழு உரம் இரண்டு கை, மேலே மண் தள்ளித் தண்ணீர். பத்து நாளில் புது இலை பச்சையாக வரும். மஞ்சளான பழைய இலை திரும்பப் பச்சையாகாது, அதற்காகக் காத்திருந்து மறுபடி உரம் போடாதீர்கள்.

*குருத்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சையாக நின்றால்*

இது நம்ம ஊருக்கே உரிய கோளாறு, கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கறிவேப்பிலை, எலுமிச்சை, நார்த்தை, கொய்யாவில் வரும். இரும்புச் சத்து செடிக்குக் கிடைக்கவில்லை என்பதன் அடையாளம். நம்முடையது செம்மண், அதன் நிறமே இரும்பினால் வருவது. அந்த மண்ணில் இரும்பு எடுபடாமல் போனால் இடையில் சுண்ணாம்பு வந்துவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும்.

எங்கிருந்து வரும் என்றால், வீட்டிலிருந்துதான். பழைய செட்டிநாட்டு வீடுகள் சுண்ணாம்புக் காரையில் கட்டினவை. வீட்டின் ஒரு பகுதியைப் பழுது பார்த்தாலும், சுவர் ஒன்றை இடித்தாலும், அந்தக் காரைக் குப்பையை அள்ளிக் கொட்டுகிற இடம் பின்கட்டுக்குப் பின்னால் இருக்கிற தோட்டம்தான். ஐம்பது வருடத்துக்கு முன்னால் கொட்டினதும் அங்கேயே கிடக்கும். மேலே ஒரு சாண் செம்மண் நிரவியிருப்பதால் யாருக்கும் தெரியாது.

சோதனை எளிது. வேர் இருக்கும் ஆழத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து உலர்த்தி, எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். காதருகே வைத்தால் பொரிகிற சத்தம் கேட்கும், அல்லது நுரை நுரையாகக் கிளம்பும். கிளம்பினால் சுண்ணாம்பு. ஒன்றுமே இல்லையென்றால் அடுத்த சந்தேகம் போர் தண்ணீர். கெட்டில் அடியில் வெள்ளைப் பொருக்குப் பிடிக்கிற தண்ணீர் பல வருடம் ஊற்றினாலும் இதே விளைவுதான்.

செய்ய வேண்டியது: முதலில் மழைத்தண்ணீரை அந்தச் செடிக்கு ஒதுக்குங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி ஓட்டுக் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் கணக்குப்படி 1,800 லிட்டருக்கு மேல். வளவு முற்றத்தில் அண்டாவை வைத்து மழைத்தண்ணீர் பிடித்த வீடுகள்தானே இவை. கூரைத் தண்ணீர் இறங்கும் தகரக் குழாய்க்கு அடியில் ஒரு பீப்பாய் வைத்தால் போதும்.

அடுத்து, 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்ஃபேட்) ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் இலை மேலே தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. தரை ஓட்டில், ஆத்தங்குடிக் கல்லில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை போகாது. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவது நல்ல பழக்கம், நானும் ஊற்றுகிறேன். ஆனால் காரை புதைந்த இடத்தில் மோர் மட்டும் போதாது. கன்று சின்னதாக இருந்தால் இடம் மாற்றுங்கள். மரமாகிவிட்டால் வேர் ஓரத்தில் காரையைத் தோண்டி எடுத்து, மக்கின இலை எருவும் நல்ல மண்ணும் நிரப்புங்கள். கூலிச் செலவு வரும், அதனால் இது கடைசி.

*வெண்டையில் நரம்பு மஞ்சளாக, வலை பின்னின மாதிரி இருந்தால்*

நச்சுயிரி, வெள்ளை ஈ பரப்புவது. காய் வெளுத்து நாராகும். உரமோ மருந்தோ திருப்பித் தராது. கண்ட அன்றே பிடுங்குங்கள். மீதிச் செடிகளுக்குள் மஞ்சள் ஒட்டுப்பொறி இரண்டு தொங்கவிடுங்கள்.

*இலை ஓரம் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால்*

உப்பு. டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) வைத்து போர் தண்ணீரைப் பாருங்கள். ஒரு லிட்டரில் 450 மில்லிகிராமுக்குள் என்றால் கவலையில்லை. 2,000 தாண்டினால் பீன்ஸ், எலுமிச்சை போன்றவை தாங்காது. இடையில் இருந்தால், வாரத்துக்கு ஒரு முறை தொட்டி அடியில் தண்ணீர் வழிகிற அளவுக்கு நிறைய ஊற்றி உப்பை இறக்குங்கள். பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள், வாழைக்கு விடுங்கள்.

3. இலை சுருள்கிறது

மிளகாயில் இலை மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு எலிவால் மாதிரி போனால் மஞ்சள் முரணைச் சிலந்தி. வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கொழுந்தைத் தட்டுங்கள். நீளமாகக் குச்சி போல ஓடினால் பேன். சிலந்தி கண்ணுக்கு எளிதில் தெரியாது, லென்ஸ் வேண்டும்.

பேனுக்கு: மூன்று நாள் தொடர்ந்து இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். குறையாவிட்டால் ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்து தெளியுங்கள், வாரம் ஒரு முறை. சிலந்திக்கு: நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். கந்தகமும் எண்ணெயும் இரண்டு வாரத்துக்குள் ஒரே செடியில் சேரக் கூடாது, இலை வெந்துவிடும். வெயில் 35 டிகிரி தாண்டுகிற நாளிலும் கந்தகம் வேண்டாம். பந்தல் கொடிகள் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

தக்காளியில் செடி குட்டையாகி, இலை சின்னதாகிச் சுருண்டால் அதுவும் வெள்ளை ஈ கொண்டுவரும் நச்சுயிரி. பிடுங்கத்தான் வேண்டும்.

4. பூக்கிறது, காய் நிற்கவில்லை

பூசணி, சுரை, பாகல் என்றால் முதல் இரண்டு வாரம் வருவது அத்தனையும் ஆண் பூதான். உதிரட்டும். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும். அந்தக் குட்டிக் காய் மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. தேனீ வராத மாடியில் இது அடிக்கடி நடக்கும். ஆண் பூவைப் பறித்து, இதழைக் கழற்றி, நடுக்காம்பைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பூசணிக்கும் பாகலுக்கும் காலை ஏழு மணிக்குள். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலர்கிறவை, அந்த நேரத்தில் செய்யுங்கள். காலையில் போய்ச் சுரைப்பூவைத் தடவிவிட்டுக் காய்க்கவில்லை என்று சொல்கிறவர்கள் நிறைய.

தக்காளியில் பூ உதிர்ந்தால் மாதத்தைப் பாருங்கள். பகல் 35 டிகிரிக்கு மேல் போய், இரவும் இறங்காவிட்டால் மகரந்தம் கெட்டுவிடும். பங்குனிக்குப் பிறகு பூத்த பூவுக்காக மருந்து தேடாதீர்கள். புரட்டாசி, ஐப்பசியில் நாற்று நட்டால் மார்கழி, தையில் கொத்துக்கொத்தாக நிற்கும்.

முருங்கை தழைத்து ஓங்கி, பூவைக் கொட்டினால் தண்ணீரும் சாணமும் கூடிப்போய்விட்டது. இரண்டையும் குறையுங்கள்.

5. காய் கெடுகிறது

தக்காளியின் அடிப்பகுதி கறுத்து, தோல் செருப்பு மாதிரி அமுங்கினால்: புழு இருக்கிறதா என்று அறுத்துப் பாருங்கள். புழு இல்லையென்றால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. மண்ணில் சத்து இருந்தாலும், இரண்டு நாள் காயப்போட்டு மூன்றாம் நாள் குளம் கட்டினால் இப்படி ஆகும். தினமும் ஒரே அளவு, ஒரே நேரம், மூடாக்கு. பத்து நாளில் புதுக் காய் நன்றாக வரும். எலுமிச்சையும் மாதுளையும் வெடிப்பதற்குக் காரணமும் பெரும்பாலும் இதே ஏறுக்குமாறான தண்ணீர்தான்.

பாகல், பீர்க்குப் பிஞ்சு கோணி அழுகினாலும், கொய்யாவுக்குள் வெள்ளைப் புழு நெளிந்தாலும் பழ ஈ. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். பிஞ்சுக்குத் தாள் உறை மாட்டுங்கள். பிறகுதான் பொறி, வாசனைக் கட்டி வைத்து ஈயை இழுப்பது. வாங்கும்போது கவனம்: மா, கொய்யாவுக்கு மெத்தில் யூஜினால் கட்டி, பந்தல் காய்களுக்கு கியூலூர். மாற்றி வாங்கினால் ஒரு ஈயும் விழாது.

6. இலையில் பிசுபிசுப்பு, வெள்ளைப் பஞ்சு, கரி படிந்த மாதிரி கறுப்பு

பப்பாளியில் பஞ்சு போல அடை அடையாக இருந்தால் மாவுப்பூச்சி. 2008ல் கோவைப் பக்கம் முதலில் தெரிந்து தமிழ்நாடு முழுக்கப் பரவிய அந்தப் பூச்சியை அடக்கியது மருந்து இல்லை. 2010ல் கொண்டுவந்து விடப்பட்ட அசரோஃபேகஸ் என்ற குட்டிக் குளவிதான். கடும் மருந்தை அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், அதிகமாக மொய்த்த இலையை வெட்டுங்கள், எறும்பு ஏறாமல் பாருங்கள்.

தென்னை, வாழை, கொய்யா இலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளை முட்டை இருந்தால் 2016ல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறிந்த சுருள் வெள்ளை ஈ. இதற்கும் மருந்தடிக்காமல் தண்ணீர்தான். இலை மேல் படிந்த கறுப்புக்கு ஒரு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆற வைத்துத் தெளித்தால், காய்ந்ததும் செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

7. நாற்று முளைத்து நாலு நாளில் சாய்கிறது

தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் நூலாக இளைத்திருந்தால் நாற்றழுகல். நெருக்கமாக விதைத்ததும் ஈரம் கூடியதும் காரணம். நெருக்கமாக நிற்கிறதில் சிலதைப் பிடுங்கிவிடுங்கள், பூவாளியால் காலையில் மட்டும் தெளியுங்கள். பரவினால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து மண் நனைய ஊற்றுங்கள். அடுத்த விதைப்புக்கு விதையோடு ட்ரைக்கோடெர்மா (நன்மை செய்யும் பூஞ்சை) கலந்துவிடுங்கள்.

8. எப்போது ஆளைக் கேட்க வேண்டும்

இரண்டு வாரம் மேலே சொன்னதைச் செய்தும் கோளாறு பக்கத்துச் செடிக்குத் தாவினால், காய்க்கிற வயதுள்ள மரம் ஒரு கிளை ஒரு கிளையாகக் காய்ந்தால், மரத் தண்டில் பிசின் வடிந்தால், டம்ளர் சோதனையில் பால் இறங்கி அதே மண்ணில் வேறு பயிர் வைக்க யோசித்தால், அதற்கு மேல் நாமாக மருந்து மாற்றி மாற்றி அடிக்கக் கூடாது. நமக்குப் பக்கத்திலேயே குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் கேட்கலாம். போக முடியாதவர்கள் கிசான் கால் சென்டர் 1800-180-1551க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம்.

போகும்போது காய்ந்த இலை ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. பாதி நோய்ப்பட்ட, பாதி பச்சையாக இருக்கிற செடி ஒன்றை வேர் மண்ணோடு எடுத்து, வேரை ஈரச் சாக்கில் சுற்றி அன்று காலையே கொண்டுபோங்கள். மண் பரிசோதனை என்றால் தோட்டத்தில் நாலைந்து இடத்தில் மேல் சருகை ஒதுக்கி, ஆங்கில வி எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் குழி எடுத்து, ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து நிழலில் உலர்த்தி அரைக் கிலோ. உரம் போட்ட மறுவாரம் எடுக்க வேண்டாம். அதோடு போர் தண்ணீர் ஒரு பாட்டில். பம்பு ஓடிப் பத்து நிமிடம் கழித்துப் பிடித்ததாக இருக்கட்டும்.